கூரையில் மரநாய், கிணற்றடியில் புழு

நடுச்சாமத்தில் ஓட்டுவீட்டுச் சீலிங்குக்கு மேலே தடதடவென்று ஓட்டம் கேட்கும். புதிதாக வந்து தங்கிய கொழும்பு விருந்தாளி திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே, "அது மரநாய், நீங்கள் படுங்கோ" என்பார்.

யாழ்ப்பாணத்து வளவுகளில் மரநாய் குடியிருப்பது புதிதல்ல. பனையில் கட்டிய முட்டிக்குள் தலையை விட்டுக் கள்ளுக் குடிக்கும். பழுத்த பப்பாசியில் பாதியைத் தின்று மீதியை விழுத்திவிட்டுப் போகும். கோழிக் குஞ்சையும் விடாது. மதில் மேல் அது இட்டுப்போன எச்சத்தில் பழக்கொட்டைகள் அப்படியே கிடக்கும். காலையில் தும்புத்தடியால் கூட்டித் தள்ளுவதோடு நமக்கும் அதற்கும் உள்ள கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் மரநாயின் உறவுக்காரியான புனுகுப்பூனையின் குடலில் இருந்த ஒரு புழுதான் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இலங்கையின் பெயரைத் தாங்கி விஞ்ஞான நூல்களுக்குள் போனது. அன்சைலொஸ்டோமா சிலானிக்கம். கொழுக்கிப்புழுக்களில் ஒரு வகை. இன்று ஆசியாவில் மனிதரிடம் காணப்படும் கொழுக்கிப்புழுக்களில் இரண்டாவது இடம் இதற்குத்தான்.

காட்டு விலங்கின் புழு நம் பிள்ளையின் வயிற்றுக்கு எப்படி வந்தது என்ற கதையை இந்தப் புழுவிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

அதை 1911 இல் விவரித்தவர் ஆர்தர் லூஸ் என்ற ஜேர்மனியர். எகிப்தின் கெய்ரோவில் மருத்துவ மாணவருக்கு ஒட்டுண்ணியியல் கற்பித்தவர். கொழுக்கிப்புழு தோலைத் துளைத்து உள்ளே போகும் என்ற செய்தியே அவரால்தான் உலகுக்குத் தெரிய வந்தது. அதுவும் கை தவறியதால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், புழுவின் குடம்பிகள் கலந்த நீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது சில துளிகள் அவர் கையில் சிந்தின. அந்த இடம் சிவந்து எரிந்தது. வேறொருவர் என்றால் கழுவிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். லூஸ் சில வாரங்கள் பொறுத்துத் தம் மலத்தையே நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். உள்ளே முட்டைகள். வாய் வழியாக மட்டுமே புழு வரும் என்று நம்பியிருந்த மருத்துவ உலகம் அவர் சொன்னதை ஏற்கச் சில காலம் பிடித்தது.

1913 இல் கிளேட்டன் லேன் என்ற மருத்துவர், லூஸ் விவரித்த அதே புழுவை வங்காளத்தில் சிறைக்கைதிகளிடம் கண்டார். காட்டு விலங்கின் புழு மனிதனிலும் வளர்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் அதே ஆண்டில் லண்டனிலிருந்து இன்னொரு தீர்ப்பு வந்தது: இது தனி இனமல்ல, பிரேசிலில் ஏற்கெனவே கண்ட புழுவேதான் என்று. வாய்க்குள் இருக்கும் பற்களின் அளவை வைத்து இரண்டும் வேறு என்று இத்தாலியர் பியோக்கா 1951 இல் நிறுவும்வரை நம் புழு அடையாளம் இல்லாமல் கிடந்தது. அதன் பிறகும் மனிதரிடம் அபூர்வமாக வருவது என்றே பாடநூல்கள் எழுதின.

அபூர்வம் என்று ஏன் தோன்றியது? கொழுக்கிப்புழுக்களின் முட்டைகள் ஒன்றைப் போலவே இன்னொன்றும் இருக்கும். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் மலப் பரிசோதனை செய்பவர் "கொழுக்கிப்புழு முட்டை உண்டு" என்று எழுதலாமே தவிர, அது மனிதப் புழுவா, நாயிடமிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. டிஎன்ஏ பரிசோதனை கைக்கு வந்த பிறகே உண்மை வெளியானது. கம்போடியாவின் வடக்கே ஒரு கிராமத்தில் 2012 இல் செய்த ஆய்வில், கொழுக்கிப்புழு இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சுமந்தது சிலானிக்கம் வகையை. அந்த ஊர் நாய்களில் பெரும்பான்மையானவற்றிலும் அதுவே இருந்தது.

புனுகுப்பூனை, நாய், பூனை, மனிதன். இந்த நால்வரில் யார் யாருக்குக் கொடுத்தார் என்ற கேள்விக்கு நம் ஊர் வளவு ஒன்றில் நின்று பார்த்தால் விடை விளங்கும்.

காடில்லாத ஊர்

குடாநாட்டில் வில்பத்து மாதிரிக் காடு கிடையாது. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் சுண்ணாம்புக்கல் தரை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை; வழுக்கையாற்றில் மாரி காலத்தில்தான் தண்ணீரைக் காணலாம். ஆனாலும் நரியும் கீரியும் மரநாயும் முயலும் உடும்பும் இங்கே இருக்கின்றன. பனங்கூடலும் வடலிப் பற்றையும் தாழம் புதரும் போதாதென்று, ஆளில்லாத வளவுகள் வேறு.

ஆளில்லாத வளவு என்பது நம் பிரதேசத்தின் தனிக்கதை. போர்க்காலத்தில், 1990 இல், வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எழும்பியது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதுமே ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிப் போனவர்கள் கண்டது சுவரைப் பிளந்து நின்ற ஆலமரத்தையும், அறைக்குள் வளர்ந்த பற்றையையும். மனிதர் இல்லாத அந்தக் காலத்தில் விலங்குகள் தம் பாட்டுக்குப் பெருகின. இன்றும் ஒழுங்கைக்கு இரண்டு வீடாவது பூட்டிக் கிடக்கிறது. ரொறொன்ரோவில் இருக்கும் உரிமைக்காரர் காணியை விற்பதா வைத்திருப்பதா என்று யோசித்து முடிப்பதற்குள் கூரைக்குள் மரநாய் பல தலைமுறை கண்டுவிடும்.

பெருங்காட்டில் ஒரு புனுகுப்பூனை இட்ட எச்சத்தின் அருகே இன்னொரு புனுகுப்பூனை வருவதற்கு முன் புழுக்குடம்பிகளில் பெரும்பகுதி காய்ந்து செத்துப்போகும். தூரமே காவல். இரண்டு பரப்புக் காணிக்குள் அந்தத் தூரம் இல்லை. இரவில் மரநாய் இறங்கும் இடத்தில் விடியப்புறம் நாய் மோப்பம் பிடிக்கிறது. ஏழு மணிக்குப் பிள்ளை பல் தீட்டுகிறது. ஒட்டுண்ணிக்கு வேண்டியது காடு அல்ல, சந்திப்பு. அந்தச் சந்திப்புக்கு நம் வளவுகளைப்போல் வசதியான இடம் வேறில்லை.

கிணற்றடியில் நடப்பது

எந்த வளவிலும் கிணற்றடியைப் பாருங்கள். குளித்த தண்ணீர் வாய்க்காலால் வாழைக்கும் தென்னைக்கும் ஓடுகிறது. வாழையிலை நிழல் போடுகிறது. பங்குனி சித்திரை வெயிலில் தோட்டத்துச் செம்பாட்டு மண் சுடும்போதும் இந்த இரண்டு பாக நிலம் மட்டும் காயாது. வெயில் ஏறினால் நாய் வயிற்றைப் பதித்துப் படுப்பது இங்கேதான். கோழி கிளறுவதும் இங்கேதான்.

நாயோ மரநாயோ இட்ட மலத்தில் இருக்கும் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். வெளிவந்த குடம்பி, மலத்திலுள்ள பற்றீரியாக்களைத் தின்று இரண்டு தடவை தோல் உரிக்கும். ஏறத்தாழ ஒரு கிழமையில் தொற்றும் பருவம் வந்துவிடும். அதற்குப் பிறகு அது எதையும் தின்பதில்லை. கடைசியாக உரித்த தோலையே போர்த்திக்கொண்டு, சேமித்த சத்தில் காத்திருக்கும். நீளம் ஒரு மில்லிமீற்றரும் வராது. ஈரமான மணல் துணிக்கையின் உச்சியில் ஏறி நின்று உடலை அப்படியும் இப்படியும் அசைக்கும். சூடோ அதிர்வோ மூச்சுக்காற்றோ பட்டால் அசைவு வேகம் பிடிக்கும். கால் விரலிடுக்கில் மெல்லிய தோல் அகப்பட்டால் போர்வையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடும்.

உள்ளே போனது இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும். மூச்சுக்குழாய் வழியே மேலே ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் போய்க் கொளுவிக்கொள்ளும். அங்கேதான் இரத்தம் குடித்துச் சில வாரங்களில் முட்டை இடத் தொடங்கும். நாய்க்கு வழக்கமாக வரும் மற்ற இரண்டு கொழுக்கிப்புழுக்கள் மனிதத் தோலுக்குள் நுழைந்தாலும் வழி தவறிவிடும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தில் சிவந்த கோடு நெளிந்து நெளிந்து நகர்வது அப்படி வழி தவறிய குடம்பியின் பாதைதான். அரிப்புத் தாங்க முடியாது, ஆனால் கதை தோலோடு முடிந்துவிடும். சிலானிக்கம் அப்படி அல்ல. அதற்கு மனிதக் குடலும் நாயின் குடலும் ஒன்றுதான். கழுவாத கீரையோடும் மண் படிந்த கையோடும் வாய் வழியாகப் போனாலும் அதற்குச் சரி.

"பிள்ளை, செருப்பைப் போட்டுக்கொண்டு கிணத்தடிக்குப் போ" என்று அம்மம்மாமார் சொல்லும்போது மனதில் வைத்திருப்பது முள்ளையும் பாம்பையும். புழுவுக்கும் அதுவே போதும்.

யாழ்ப்பாணத்துக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான் கொட்டுகிறது. மிச்ச மாதங்களில் திறந்த வெளியில் குடம்பி பிழைப்பது கடினம். ஆகவே நம் ஊரில் இந்தத் தொற்றுக்கு இரண்டு முகவரிகள்தான்: மாரிகால முற்றம், எக்காலமும் ஈரமான கிணற்றடியும் இறைப்புத் தோட்டமும். மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. அங்கே ஆண்டு முழுதும் ஈரம், நிழல்; அன்று வெறுங்காலும் மலசலகூடம் இல்லாத லயனும் வேறு. ரொக்ஃபெல்லர் நிறுவனம் 1916 அளவில் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதும் தோட்டங்களில்தான். தமிழ்நாட்டிலிருந்து வரும் தொழிலாளரை மண்டபம் முகாமில் மறித்து வைத்துப் புழுவுக்கு மருந்து கொடுத்தே கப்பல் ஏற்றினார்கள். நோயைக் கொண்டுவருகிறவன் கூலிக்காரன் என்பது துரைமாரின் கணக்கு. மருந்து குடித்தவர்களுக்குச் சில மாதங்களில் மறுபடி புழு வந்தபோதும், மலசலகூடம் கட்டிக்கொடுக்கக் கைவராத பல துரைமார் அந்தக் கணக்கை மாற்றவில்லை. மண்ணையும் நாயையும் விட்டுவிட்டு மனிதரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றிய அந்தப் பழக்கம் இன்று தலைகீழாக மாறியிருக்கிறது: இப்போது எந்தத் தொற்று என்றாலும் காட்டு விலங்கைக் கைகாட்டுகிறோம்.

மரநாயைப் பொறி வைத்துப் பிடித்துக் கொல்வதால் புழு ஒழியாது. ஒரு வளவில் ஒரு மரநாய் என்றால், அந்த ஒழுங்கையில் கட்டாக்காலி நாய்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். காட்டிலிருந்து புழு ஒரு தடவை வந்தால் போதும். அதை நிரந்தரமாக வைத்துப் பராமரிப்பது நாய்தான். சொந்தக்காரன் இல்லாத நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பவரும் இல்லை.

எலி, நத்தை, உடும்பு

இரண்டாவது கதைக்கு மாரி வரவேண்டும். முதல் மழை விழுந்த மறுநாள் மதிலெல்லாம் ஆபிரிக்க இராட்சத நத்தை. உள்ளங்கை அகல ஓடு. பப்பாசிக் கன்று, வாழைக் குருத்து, பயற்றங்கொடி ஒன்றையும் மிச்சம் வைக்காது. இலங்கைக்கு அது தானாக வந்ததல்ல. 1900 இல் ஒலிவர் கொலெட் என்ற தோட்டத்துரை வட்டவளைப் பக்கம் கொண்டுவந்து விட்டது. ஓர் ஆர்வக்காரரின் பொழுதுபோக்குக்கு ஒரு நூற்றாண்டாக விவசாயி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

பயிரைத் தின்பது ஒரு பக்கம். அந்த நத்தை எலியின் நுரையீரற் புழுவுக்கு வாடகை வீடு என்பது மறு பக்கம். 1935 இல் சீனாவின் கன்டன் நகரில் சென் என்ற ஆய்வாளர் எலிகளில் கண்டறிந்த புழு இது. வளர்ந்த புழு எலியின் நுரையீரல் நாடியில் இருக்கும். முட்டை நுரையீரலிலேயே பொரித்து, குடம்பி தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, எலிப்புழுக்கையோடு வெளியே வரும். நத்தை எலிப்புழுக்கையைத் தின்னும். நத்தைக்குள் இரண்டு மூன்று வாரத்தில் குடம்பி அடுத்த பருவத்துக்கு வளரும். எலி நத்தையைத் தின்றால் வட்டம் முடிந்தது. எலிக்குள்ளும் அது நேரே நுரையீரலுக்குப் போவதில்லை. முதலில் மூளைக்குப் போய் அங்கே கொஞ்சக் காலம் வளர்ந்துவிட்டுத்தான் இறங்கும்.

இந்த மூளைப் பயணம்தான் மனிதனுக்கு வினை. மனித உடலுக்குள் போன குடம்பி மூளை வரை சரியாகப் போகும். அதற்கப்பால் வழி தெரியாமல் அங்கேயே சாகும். தாங்க முடியாத தலையிடி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவது போன்ற எரிவு. முள்ளந்தண்டு நீரை எடுத்துப் பார்த்தால் இயோசினோபில் என்ற வெண்கலங்கள் நிறைந்திருக்கும். தாய்வானில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் 1944 இல் கண்டதே முதல் மனிதத் தொற்று. இலங்கையிலும் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் இருந்த இந்தக் குடும்பத்துப் புழு பற்றிய ஆய்வறிக்கை 1993 இல் வெளியானது.

நத்தையை நாம் தின்பதில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். தின்னும் ஒருவரை நாம் தின்கிறோம். நத்தையை விரும்பித் தின்னும் விலங்கு உடும்பு. அதன் உடலில் புழு மேலே வளராது, ஆனால் இறைச்சியிலும் ஈரலிலும் குடம்பி உயிரோடு காத்திருக்கும். கேரளத்தில் 2006 இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில், இந்த மூளைக்காய்ச்சலோடு வந்தவர்களிடம் விசாரித்தபோது, பச்சை உடும்பிறைச்சி தின்ற கதை வெளிவந்தது. ஈழைக்கு நல்லது, உடம்புக்குப் பலம் என்ற நம்பிக்கை. நம் தீவிலும் குறைவில்லை: உடும்பின் நாக்கைப் பச்சையாக விழுங்கினால் பிள்ளைக்குச் சொல்வன்மை வரும் என்ற நம்பிக்கையை மைக்கல் ஒண்டாச்சி தம் குடும்ப நினைவு நூலில் எழுதியிருக்கிறார். ஒன்று சொல்லவேண்டும், உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அடித்தால் வழக்கு. வழக்குக்குப் பயப்படாதவர் புழுவுக்காவது பயப்படலாம். நன்றாக வேகவைத்தால் குடம்பி சாகும். ஆனால் "மருந்துக்கு" என்று தின்பவர்கள் தேடுவது பச்சை இரத்தத்தையும் பச்சை ஈரலையும்தானே.

உடும்பைத் தொடாத சைவ வீட்டுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. வல்லாரைச் சம்பல். கிணற்றடி ஈரத்தில் படர்ந்த வல்லாரையைப் பிடுங்கி, குறுணியாய் அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிசைந்து, அடுப்பைக் காட்டாமலே சோற்றோடு வைக்கிறோம். நகக்கண் அளவு சிறு நத்தையும் ஓடில்லா நத்தையும் அந்த இலையின் அடிப்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். பிடியாகப் பிடித்து இரண்டு தடவை தண்ணீரில் அலசினால் போகாது. ஒவ்வோர் இலையாகத் திருப்பிக் கழுவவேண்டும். மாரியில் சமைத்த வறையோடு நிறுத்திக்கொண்டாலும் வல்லாரைக்குக் கோபம் வராது.

நத்தையின் மேல் உப்பைத் தூவிவிட்டு அப்படியே விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று, கிணற்றுக்குத் தூரமாய் ஆழப் புதைப்பதே சரி. தண்ணீரில் மூழ்கிச் செத்த நத்தையிலிருந்து குடம்பிகள் வெளியேறி நீரில் உயிரோடிருப்பதை ஹவாய்த் தீவு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கட்டுக் குறைந்த கிணறுகள் நிறைந்த நம் ஊருக்கு இது வேண்டாத செய்தி அல்ல.

நுளம்பு ஏற்றிச் செல்லும் பயணிகள்

மண்ணும் நத்தையும் மெதுவான வாகனங்கள். நுளம்பு விரைவு வண்டி.

1961 இல் பேராசிரியர் திசாநாயக்கவும் பரமானந்தனும் இலங்கைக் காட்டு முயலின் இதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் ஒரு பைலேரியாப் புழுவைக் கண்டு, புருகியா பக்லியி என்று பெயரிட்டார்கள். யானைக்கால் நோய் தரும் புருகியா மலாயிக்கு நெருங்கிய சொந்தம். அடுத்த ஆண்டே நாயில் இன்னொரு புருகியா கண்டறியப்பட்டது. நுளம்பு கடிக்கும்போது இரத்தத்தோடு நுண்புழுவை உறிஞ்சி, சில நாள் தன் உடலில் வளர்த்து, அடுத்தவரைக் கடிக்கும்போது இறக்கிவிடுகிறது. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை விடுபட்டுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று கொடுத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நாற்பது வருடமாகக் காணாமல் போயிருந்த புருகியா தீவின் சில பகுதிகளில் மனிதரில் மறுபடி தலைகாட்டத் தொடங்கியிருந்தது. விலங்குகளுக்குள் ஒளிந்திருந்து திரும்பியதா என்பதே ஆய்வாளர்களை உறுத்தும் கேள்வி.

நாயின் தோலுக்கடியில் வாழும் டைரோபிலேரியா ரெப்பென்ஸ் விடயத்தில் அப்படி உறுத்தல் ஒன்றும் இல்லை, குற்றவாளி தெரிந்தவர். உலகில் இந்தப் புழு மனிதரில் அதிகம் பதிவான நாடுகளில் இலங்கையும் ஒன்று, அதிலும் சிறுபிள்ளைகளில். தோலுக்கடியில் ஒரு கட்டி, அல்லது கண் வெண்மடலுக்குக் கீழே ஏதோ நெளிகிற உணர்வு. சத்திரசிகிச்சை நிபுணர் கீறினால் நூல் போன்ற ஒற்றைப் புழு. அது பிள்ளையின் உடலில் குட்டி போடுவது மிக அரிது. புற்றோ என்று பயந்து வந்த பெற்றோர் புழு என்று கேட்டு நிம்மதி அடைவதைச் சத்திரசிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவர்கள் கண்டிருப்பார்கள்.

காட்டு விலங்கு, நுளம்பு, மனிதன் என்ற முக்கோணத்தில் இன்று உலகம் கவனிப்பது மலேரியாவை. 2004 இல் மலேசிய போர்னியோவின் கபித் பகுதியில் பல்பீர் சிங்கின் குழு, மனிதருக்கு வந்த மலேரியாவில் பெரும்பகுதி குரங்கின் மலேரியா என்று நிறுவியது. காடு வெட்டப்பட்டதும் குரங்கும் மனிதனும் ஒரே நுளம்பைப் பகிர்ந்துகொண்டார்கள். இலங்கையின் செங்குரங்குகளிலும் மலேரியாக் கிருமிகள் உண்டு. அவற்றில் சில 1965 இல் இங்கேதான் முதன்முதல் விவரிக்கப்பட்டன. நாட்டில் உள்ளூரில் தொற்றிய கடைசி மனித மலேரியா 2012 ஒக்ரோபரில் பதிவானது. 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. அதே ஆண்டு கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு பிடிபட்டது. பின்னர் யாழ். நகரிலும். இந்தியப் பட்டணங்களில் மலேரியா பரப்பும் நுளம்பு அது, மன்னாரில் கிணறுகளிலேயே முட்டையிட்டிருந்தது. யாழ். பல்கலைக்கழக விலங்கியல் துறையின் பேராசிரியர் நோபிள் சுரேந்திரனும் சக ஆய்வாளர்களும் குடாநாட்டுக் கரையோரத்தில் டெங்கு நுளம்புகள் உவர்நீரிலும் பெருகுவதை 2011 அளவிலேயே காட்டியிருந்தார்கள். நன்னீரில்தான் நுளம்பு என்று எழுதிவைத்த பாடம் நம் கரையில் செல்லாது.

புழுவுக்காக இரண்டு வார்த்தை

இவ்வளவும் வாசித்தபின் ஒட்டுண்ணி என்றாலே அழிக்கவேண்டியது என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செம்மணியிலும் மண்டைதீவுக் களப்பிலும் வந்திறங்கும் நீர்ப்பறவைகளின் குடலில் தட்டைப்புழுக்கள் இருக்கும்; அவற்றின் முட்டை சேற்று நத்தைக்கும், நத்தையிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மறுபடி பறவைக்கும் போகும். கலிபோர்னியாவின் உப்புச் சதுப்பில் கெவின் லஃபர்ட்டி 1996 இல் காட்டினார்: மூளையில் இந்தப் புழுக்கள் ஏறிய மீன்கள் நீர்மட்டத்தில் பளிச்சென்று புரண்டு ஆடுகின்றன, மற்ற மீன்களைவிடப் பத்து முதல் முப்பது மடங்கு அதிகமாகப் பறவைக்கு இரையாகின்றன. அதே கரையின் சதுப்புகளில் பின்னர் நிறுத்துப் பார்த்தபோது ஒட்டுண்ணிகளின் மொத்த எடை பறவைகளின் எடையைவிடக் கூடுதல். நத்தை, மீன், பறவை மூன்றும் நலமாக இருக்கும் களப்பில்தான் அந்தப் புழு முழுச் சுற்றும் வரமுடியும்.

வினை தொடங்குவது நெருக்கத்தில். நெடுந்தீவின் மட்டக்குதிரைகளை நினைத்துப் பாருங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த வம்சம். கடல் சூழ்ந்த ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர் தீவில் கட்டாக்காலியாகத் திரிகின்றன. 2015 இல் அவற்றின் மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதி தேசியப் பூங்காவானது. குதிரை தன் சாணம் விழுந்த புல்லைத் தவிர்த்து மேயும் விலங்கு. குடற்புழுவிலிருந்து அதற்கு இயற்கை கொடுத்த காப்பு அது. மேய்ச்சல் விரிந்து கிடக்கும்வரை அந்தக் காப்பு வேலை செய்யும். ஆடி ஆவணி வறட்சியில் புல் கருகி, எல்லாக் குதிரையும் மாடும் எஞ்சிய இரண்டொரு நீர்க்குட்டைகளைச் சுற்றி நெருங்கும்போது ஒன்றின் சாணத்தில் மற்றது மேய்கிறது. பட்டினியால் மெலிந்த உடலில் குடற்புழுவின் கூலி இரட்டிப்பு. குதிரை செத்தால் "தண்ணீர் இல்லாமல் செத்தது" என்று செய்தி வரும். வயிற்றுக்குள் இருந்த புழுவை யாரும் எண்ணுவதில்லை. தண்ணீர்த் தொட்டிகளை ஒரே இடத்தில் வைக்காமல் தள்ளித் தள்ளி வைத்தாலே அங்கே பாதி வேலை முடியும்.

குடாநாட்டு வளவுகளுக்கும் செய்யவேண்டியது பெரிய காரியமல்ல, ஆனால் அது எந்தக் கந்தோரின் வேலை என்பதில்தான் இழுபறி. மரநாயும் உடும்பும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு. ஆடும் மாடும் கால்நடைத் திணைக்களத்துக்கு. பிள்ளையின் வயிறு சுகாதாரப் பகுதிக்கு. பாடசாலையில் பூச்சிக் குளிசை கொடுப்பது அவர்கள், கர்ப்பிணிக்குக் கொடுப்பதும் அவர்கள். கட்டாக்காலி நாய் பிரதேச சபைக்கு என்பார்கள், சபையைக் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். அதே நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போட அரச வாகனம் ஒலிபெருக்கியோடு ஒழுங்கைக்கு ஒழுங்கை வருகிறது, ஊசியும் இலவசம். நாயைப் பிடித்து, வாயைக் கட்டி, ஊசி ஏற்றும் அந்த இரண்டு நிமிடத்தில் பூச்சி மருந்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். மாரிக்கு முன் புரட்டாதியில் ஒரு தடவை, மழை ஓய்ந்து தையில் இன்னொரு தடவை என்று நாள் குறித்துக்கொண்டால் குடம்பி பெருகும் காலத்துக்கு முன்னும் பின்னும் அடைபட்டுவிடும். ஒரு பிரதேச சபை எல்லைக்குள் இரண்டு வருடம் இப்படிச் செய்து, முதலிலும் முடிவிலும் பாடசாலைப் பிள்ளைகளின் மலத்தை டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பிப் பார்க்க, யாழ். பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் விலங்கியல் துறையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.